அலமாரி மேல் கிடக்கும் இரும்புகள்



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டுக் கடன், மாமியார் மருமகள் மனத்தாங்கல் என்றே இருக்கும். சென்ற வாரம் வந்த ஒரு கடிதம் என்னைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்:

"ஐயா, என் வீட்டுக்காரர் சிறு வயதில் தோட்டத்துத் துரைமார்களுக்கு கோல்ஃப் பை தூக்கியவர். திங்கட்கிழமைகளில் பை தூக்கும் பையன்களை ஆட விடுவார்களாம். அப்படியே ஆட்டம் கைவந்துவிட்டது. பிறகு சிங்கப்பூரில் திடல் பராமரிப்பு வேலைக்கு வந்தபோதும் ஆடினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருதய நோய் கண்டது. அன்றோடு விட்டுவிட்டார். இப்போது டாக்டரே நடக்கச் சொல்கிறார், ஆடலாம் என்கிறார். பழைய சிநேகிதர்கள் கூப்பிடுகிறார்கள். மகன் புது மட்டைகள் வாங்க ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி எடுத்து வைத்திருக்கிறான். இவரோ வேண்டாம் என்கிறார். ஆனால் இரவில் எழுந்து அலமாரி மேல் கிடக்கும் பழைய மட்டைகளை இறக்கித் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் மேலே வைத்துவிடுகிறார். இது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்களோ என்று எனக்கும் பயம். என்ன செய்யலாம்?"

சகோதரி, இரவில் எழுந்து துடைத்து வைக்கிறாரே, அவர் உள்ளத்து விடை அதிலேயே இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இந்த ஆட்டம் நமக்கு உரியதா என்பது ஒன்று. எந்த மட்டையை எடுப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இது அவருக்கு மட்டும் உரிய செய்தியல்ல. நடுவில் விட்ட ஒன்றை வயதான பிறகு மீண்டும் தொட நினைக்கும் எல்லாருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

முதலில் முதல் கேள்வி.

தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்கள். ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இன்று ஃபேரர் பார்க் என்று நாம் சொல்லும் இடத்தில்தான் சிங்கப்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1840-களில் தொடங்கிய அந்தத் திடலில் 1933 வரை குதிரைகள் ஓடின. அதன் பிறகுதான் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. பக்கத்திலேயே மாட்டு வியாபாரம். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அந்த எருமைகளின் நினைவாகத்தான் இன்றும் நிற்கின்றன.

அந்தப் பந்தயத் திடலில்தான் 1891-ஆம் ஆண்டு நீதிபதி கோல்ட்னி என்ற வெள்ளைக்காரரும் அவர் நண்பர்களும் ஒன்பது குழிகள் வெட்டி சிங்கப்பூர் கோல்ஃப் கிளப்பைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் கோல்ஃப் பிறந்த இடம் நம் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம்தான்! கிளப் 1924-இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. பின்னர் 1963-இல் வேறொரு கிளப்புடன் இணைந்து இன்றைய சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆனது. அதே ஃபேரர் பார்க் திடலில்தான் 1911-இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்து காட்டியது. அங்கேதான் 1942 பிப்ரவரி 17-ஆம் நாள் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படும் பெருமாள் கோயிலும் அந்தத் திடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, "இது நம் பக்கத்து விளையாட்டு அல்ல" என்று யாராவது சொன்னால், நம் பக்கத்துத் தெருவில்தான் அது பிறந்தது என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஆடியவர்கள் துரைமார்கள், பை தூக்கியவர்கள் நாம். இது உண்மை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்ற மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற பெயர்களைக் கேட்டாலே நம் பிள்ளைகள் என்பது தெரியவில்லையா? பெங்களூரில் பை தூக்கும் பையனாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பன் பட்டத்தையே வென்றார். கல்கத்தாவில் ஒரு கிளப்பின் திடல் பராமரிப்பாளர் மகனான சௌராசியா, 2016, 2017 என்று தொடர்ந்து இருமுறை அதே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஃபிஜித் தீவின் இந்தியக் குடும்பத்தில் பிறந்த விஜய் சிங், போர்னியோ பக்கம் ஆட்டம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவர். அவர் 2000-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2004-இல் டைகர் உட்ஸைப் பின்தள்ளி உலகின் முதல் நிலை ஆட்டக்காரரானார்.

உங்கள் வீட்டுக்காரர் பட்டம் வெல்லப் போவதில்லை. சிநேகிதர்களோடு புல்லில் நடக்கப் போகிறார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். எந்த இரும்பு?

கோல்ஃப் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் ஆட்டக்காரர் தம் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பாதிக்கு மேல் "அயர்ன்" என்னும் இரும்புத் தலை மட்டைகள். அவற்றுக்கு நம்பர் உண்டு. நம்பர் சிறியதாக இருந்தால் தண்டு நீளம், தலையின் சாய்வு குறைவு, பந்து தாழப் பறந்து தூரம் போகும். நம்பர் பெரியதானால் தண்டு குட்டை, சாய்வு அதிகம், பந்து உயர எழும்பிக் கிட்டத்தில் விழும். அவ்வளவுதான் சூத்திரம்.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு நான் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒருவருடைய பால் வெட்டும் கத்தியை இன்னொருவர் எடுத்து வெட்டினால் வருமா? கத்தி அதே கத்திதான், மரமும் அதே மரம்தான். ஆனாலும் கை ஒப்புக்கொள்ளாது. பட்டை ஆழமாய் விழுந்து மரத்துக்குக் காயமாகும். கோல்ஃப் இரும்பும் அப்படியே. விலையைப் பார்த்தோ, எந்தச் சாம்பியன் எதை வைத்து ஆடினார் என்று பார்த்தோ வாங்கினால் கை ஒப்புக்கொள்ளாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளைகளின் படிப்புக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்டத்தை விட்டிருந்த நான், ஐம்பத்தெட்டாவது வயதில் மறுபடி ஆசைப்பட்டேன். நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய தகடு போன்ற இரும்புகள் மின்னிக்கொண்டிருந்தன. வாலிபத்தில் நான் பை தூக்கிய துரை வைத்திருந்தாரே, அதே வடிவம்! ஒரே ஒரு முறை வீசிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன். கடைக்காரர் என் வயதைக் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் முழங்கை வீங்கி, காப்பிக் கோப்பையைக்கூட இடது கையால் தூக்க வேண்டியதாயிற்று.

மட்டை பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் தண்டை வளைத்துப் பார்த்தார், என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மலாயில், "இது இளவட்டத்து இரும்பு. உனக்கு ஏன்? பெலான் பெலான்லா," என்று சிரித்தார். மெல்ல மெல்ல என்று பொருள். அந்த இரும்புகளை வாங்கியதில் பாதி விலைக்குக்கூட விற்க முடியவில்லை. வீட்டில் என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்தப் பெரியவரிடம் கற்றதையும் பிறகு படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், அலமாரி மேல் இருப்பதை இறக்குங்கள். பழையது என்பதற்காகவே தள்ளிவிட வேண்டாம். நான்கு சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, பிடி. ரப்பரைப் பற்றி நாம் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டாம். பதினைந்து ஆண்டுகள் கிடந்த ரப்பர் இறுகி வழுக்கும். வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடிப்பதால்தான் பாதிப் பேருக்கு மணிக்கட்டு நோகிறது. பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவு இல்லை. இரண்டு, தண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் இரும்புத் தண்டு உள்ளேயே துருப்பிடிக்கும். குலுக்கிப் பாருங்கள். உள்ளே பொலபொலவென்று சத்தம் வந்தால் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். மூன்று, தலையும் தண்டும் சேரும் இடம். தலையைப் பிடித்து மெதுவாகத் திருகினால் அசையக் கூடாது. ஒட்டியிருக்கும் பசை காய்ந்து, வீசும்போது தலை கழன்று பறந்தால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து. நான்கு, முகத்தில் உள்ள கோடுகள். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று தேய்ந்திருந்தால் பந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

இவற்றில் தேறினால், புதுப் பிடி போட்டு முதல் இரண்டு மாதம் பழைய இரும்பிலேயே ஆடட்டும். ஆட்டம் உண்மையிலேயே திரும்புகிறதா, உடம்பு கேட்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். மகனின் பணம் எங்கும் ஓடிவிடாது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தலையின் வடிவம். பின்புறம் தட்டையான மெல்லிய தகடு ஒரு வகை. பின்புறத்தில் குழி விட்டு, எடையை ஓரங்களுக்குத் தள்ளியது இன்னொரு வகை. முதல் வகையில் பந்து நடுவில் படாவிட்டால் கை அதிரும், பந்தும் போகாது. இரண்டாவது வகையில் கொஞ்சம் தவறினாலும் பந்து போய்ச் சேரும். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியியலாளர் தம் "பிங்" மட்டைகளில் இந்த முறையைப் பரப்பினார். 1982-இல் வந்த "பிங் ஐ 2" இரும்புகள் உலகெங்கும் விற்றன. பல ஆண்டுகள் விட்டுவிட்டுத் திரும்புகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பின்குழி உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, தண்டு. எஃகுத் தண்டு கனமானது. கிராஃபைட் தண்டு எஃகின் எடையில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். அதிலும் விறைப்பானது, நடுத்தரம், முதியோருக்கான இளகியது என்று படிகள் உண்டு. வயதாகும்போது வீச்சின் வேகம் குறையும். வேகம் குறைந்த கைக்கு விறைத்த தண்டு கொடுத்தால் பந்து எழும்பாது. அறுபதைத் தாண்டிய, இருதய நோய் கண்டு எழுந்த மனிதருக்கு இலேசான, இளகிய தண்டுதான் ஏற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, நம்பர். இங்கேதான் திரும்பி வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 1980-களில் 7-ஆம் நம்பர் இரும்பின் சாய்வு ஏறத்தாழ 35 பாகை. இன்று கடையில் இருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கான 7-ஆம் நம்பர் பலவற்றில் 28 முதல் 30 பாகைதான். அதாவது இன்றைய 7, பழைய 5-க்கு அருகில் இருக்கிறது! "பழைய மட்டையைவிட இருபது கெஜம் அதிகம் போகிறதே" என்று கடையில் மகிழ்ந்து போகிறோம். அடித்தது வேறு நம்பர் என்பதை அறிவதில்லை. இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு. செட்டின் கடைசியில் வரும் பிட்சிங் வெட்ஜ் இப்போது 43, 45 பாகை. மணலிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜ் வழக்கம்போல் 55, 56. நடுவில் பெரிய பள்ளம். அதை அடைக்க 50 பாகை அளவில் தனியாக ஒரு வெட்ஜ் தேவைப்படும். ஆகவே நம்பரைக் கேட்காதீர்கள், பாகையைக் கேளுங்கள். 3, 4 என்ற நீண்ட இரும்புகளை வாங்கவே வேண்டாம். அவற்றுக்குப் பதில் தடித்த தலையுள்ள "ஹைப்ரிட்" ஒன்று இருந்தால் போதும்.

நான்காவது, நம் உடம்பின் அளவு. தலையின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்கார வேண்டும். அடிப்பாகத்தில் ஒரு நாடாவை ஒட்டி, பலகை மேல் வைத்த பந்தை அடித்துப் பாருங்கள். தேய்மானம் நடுவில் விழுந்தால் சரி. முனைப் பக்கம் விழுந்தால் முனை தரையில் குத்துகிறது, வலக்கையருக்குப் பந்து வலப்பக்கம் விலகும். தண்டு பக்கம் விழுந்தால் பந்து இடப்பக்கம் போகும். பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலான இரும்புகளை ஓரிரு பாகை வளைத்துத் தருவார்கள். பிடியின் பருமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையின் மேட்டை இலேசாகத் தொட வேண்டும். விரல்கள் உள்ளங்கையில் அழுந்தினால் பிடி மெலிது. எட்டாமல் நின்றால் தடிமன்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியையும் கொட்ட வேண்டியதில்லை. நாலைந்து ஆண்டு பழைய, பெயர்பெற்ற பின்குழி இரும்பு செட் ஒன்றை நம்பிக்கையான கடையில் பாதி விலைக்கும் குறைவாகவே பார்க்கலாம். 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து இரும்புகள், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு ஹைப்ரிட், ஏற்கெனவே இருக்கும் பட்டர். ஏழெட்டு மட்டைகளோடு பை இலேசாகவும் இருக்கும். மீதிப் பணம் பயிற்சிக்கும், திடல் கட்டணத்துக்கும், முக்கியமாக ஓர் ஆசிரியரிடம் இரண்டு பாடங்களுக்கும் போகட்டும். பதினைந்து ஆண்டில் உடம்பு பழைய வீச்சை மறந்து, வேறொன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. புத்தம் புதிய பெரிய பெயர் மட்டைகள் நம்ப முடியாத மலிவில் வந்தால் கை வைக்காதீர்கள். இந்தத் தொழிலில் போலிகள் ஏராளம். தவணையிலும் வேண்டாம். விளையாட்டுக்குக் கடன் வாங்கினால் ஒவ்வொரு அடியிலும் வட்டிதான் கண்ணில் தெரியும்.

உடம்பையும் மறக்க வேண்டாம். டாக்டர் சரி சொன்னார் என்றீர்கள், நல்லது. எவ்வளவு நேரம், எந்த வெயிலில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் 9-ஆம் நம்பர் இரும்பு ஒன்றே போதும். அரை வீச்சு, முப்பது பந்து, பிறகு வீடு. நூறு பந்து அடித்தால்தான் கொடுத்த காசுக்குச் சரி என்று நினைக்க வேண்டாம். அந்த நினைப்பில்தான் நான் முழங்கையைக் கெடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் மகனிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரில் திடல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016-இலும், ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-இலும் நிலத்தை ஒப்படைத்தன. பொதுமக்கள் யாரும் கட்டணம் கட்டி ஆடக்கூடியதாக இருந்த மரினா பே திடலும் 2024-இல் மூடப்பட்டது. வீடு கட்டவும் சாலை போடவும் நிலம் வேண்டும், குறை சொல்ல முடியாது. பலர் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போய்தான் ஆடுகிறார்கள். ஆகவே, "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போவதற்கு இது ஏற்ற ஆசை அல்ல.

சகோதரி, முடிக்குமுன் ஒரு யோசனை சொல்கிறேன். மகன் கடைக்குப் போய் அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கிவந்து நீட்ட வேண்டாம். அன்பாகத்தான் இருக்கும், ஆனால் அது மகனின் கைக்கு வாங்கிய கத்தியாகிவிடும். மூவரும் சேர்ந்து போங்கள். அவர் வீசிப் பார்க்கட்டும், இரண்டு மூன்று தடவை போகட்டும், வாங்காமலும் திரும்பட்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஓடி வந்து நின்றே வளர்ந்த மனிதர் அவர். "எனக்கு இது வேண்டும், இது வேண்டாம்" என்று ஒரு கடையில் நின்று நிதானமாகச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு எத்தனை தடவை கிடைத்திருக்கும்? அக்கம்பக்கத்தார் பேசினால் பேசட்டும். இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு அவர்கள் வீட்டுக் கதையைப் பேசப் போய்விடுவார்கள்.

அவர் முதல் நாள் ஆடிவிட்டு வரும்போது எத்தனை அடியில் முடித்தார் என்று கேட்காதீர்கள். கால் வலிக்கிறதா என்று கேட்டு, வெந்நீர் வைத்துக் கொடுங்கள். பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பழைய இரும்பா, புதிய இரும்பா, எதை எடுத்தார் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.